கீரைப் பாத்தியில் நின்ற பெட்டி

வானிலை அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிறவன் நான். இருபத்திரண்டு வருட சர்வீஸ். துணி காயப்போடலாமா, மாடிக்குக் கான்கிரீட் போடலாமா என்று தெருவில் பாதிப்பேர் இன்றைக்கும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் சும்மா இருக்க மாட்டேன். வானத்தை அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எதையாவது அடித்துவிடுவேன். பாதி நாள் பலித்தும் விடும். அப்படிப்பட்ட வாய் எனக்கு. அந்த வாய் ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எதிர்வீட்டுக்காரிக்குத் தெரு வைத்த பெயர் டிகிரி. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆனால் ஊரின் வெயில் எத்தனை டிகிரி என்று பார்த்து எழுதுகிற வேலை அவளுடையது. குடிநீர்த் தொட்டி வளாகத்தின் மூலையில் கம்பிவேலி அடைத்த சின்ன இடம். நடுவில் நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி. அதன் நாலு பக்கமும் சாய்த்து அடித்த பட்டைப் பலகைகள். காற்று உள்ளே போகும், வெயில் போகாது. உள்ளே வெப்பமானிகள். பக்கத்தில் மழை அளக்கும் உருளை. தினமும் குறித்த மணிக்குப் போய்ப் பார்த்து, நோட்டில் எழுதி, அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். பதினாலு வருடமாக ஒரு நாள் விட்டதில்லை. மகள் பிறந்த அன்று மட்டும் அவள் புருஷன் போய் எழுதினார். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

புருஷன் ரோட்டுக்குத் தார் ஊற்றுகிறவர். தார்க்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கணுக்கால் வரை சாக்குத் துணி சுற்றிக்கொண்டு, கொதிக்கிற பீப்பாயிலிருந்து தாரை மொண்டு ஜல்லி மேல் வீசி வீசி ஊற்றுவார். சிந்தாமல் சிதறாமல் ஒரே கனத்தில் படரும். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. "உன் பொண்டாட்டி வெயிலை எழுதுறா, நீ வெயிலைத் திங்கிற" என்று நான் கேலி செய்வேன். "நல்ல ஜோடிதான் மச்சான், எதுவும் வீணாகல" என்பார்.

இனி கீரைக்கு வருகிறேன். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் பெட்டிக்கு அடியில் இருந்த புல்லெல்லாம் கருகிப்போய்விட்டது. சோதனைக்கு வந்த பழைய அதிகாரி, "பெட்டியைச் சுத்திப் பச்சையா இருக்கணும்மா, இப்படிக் கட்டாந்தரையா வெச்சிருக்கியே" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னது தானாக முளைத்துத் தானாக வாழ்கிற புல்லை. தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இவள் மறுநாளே மண்ணைக் கொத்தி, பெட்டியைச் சுற்றி நாலு பாத்தி கட்டி, கீரை விதைத்துவிட்டாள். தொட்டியின் குழாய் பத்தடியில் இருந்தது. காலையில் எட்டு வாளி, மதியம் நாலு, சாயங்காலம் எட்டு.

"பச்சையா இருக்கணும்னாரு, இருக்குல்லண்ணே? அந்தப் பச்சை சோத்துக்கும் ஆச்சுன்னா யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாள்.

எனக்கு வாரம் இரண்டு கட்டு வந்துவிடும். என் மனைவி பருப்புப் போட்டுக் கடைவாள். பதினாலு வருடம் சாப்பிட்டேன்.

அரசாங்க இடத்தில் பயிர் வைக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. வேறொரு ஊரில் வேலிக்குள் மிளகாய்ச் செடி வைத்தவருக்கு மெமோ கொடுத்தார்கள். அதனால் சோதனைக்கு ஆள் புறப்படுகிறது என்றால் முந்தின நாளே நான் அவளுக்குச் சொல்லிவிடுவேன். அவள் கீரையை அரிந்துவிட்டுப் பாத்திக் கரையைத் தட்டிச் சமமாக்கிவிடுவாள். அதிகாரி வேலிக்கு வெளியே நின்றபடியே நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அரிந்த கீரை ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் என் வீட்டுக்கு வரும். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த குற்றம் அவ்வளவுதான். அரசாங்க நிலத்தில் கீரை வைத்தோம். தண்ணீரைப் பற்றி எங்களுக்கு ஒரு யோசனையும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கட்டட வேலையில் இரண்டு பேர் வெயிலில் சுருண்டு விழுந்த பிறகு நகராட்சி ஓர் உத்தரவு போட்டது. பெட்டியில் நாற்பது டிகிரி காட்டிவிட்டால் வெட்டவெளி வேலையெல்லாம் நிறுத்திவிட வேண்டும். நாலு மணிக்கு மேல்தான் மறுபடி தொடங்கலாம். அன்றிலிருந்து மதியம் பன்னிரண்டு மணி அடித்தால் தார்க்காரர் பெண்டாட்டிக்குப் போன் போடுவார். மேஸ்திரியும் ஆட்களும் சுற்றி நின்று கேட்பார்கள்.

"எவ்வளவு?"

"முப்பத்தெட்டு புள்ளி ஆறு."

"ஏன்டி, கொஞ்சம் ஏத்திச் சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

"நான் என்ன வெயிலா விக்கிறேன், கொசுறு போட? வேலையைப் பாருங்க."

ஆட்கள் சிரிப்பார்கள். மறுபடி சட்டியைத் தூக்குவார்கள். அந்த இரண்டு வருடத்தில் நாற்பது தொட்டது மொத்தம் ஒன்பது நாள்.

அந்த வருடம் எங்கள் அலுவலகத்துக்கு ஓர் ஆராய்ச்சி மேடம் வந்திருந்தார். சின்ன வயசு. எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவார். என்னை அண்ணா என்பார். இந்த வட்டாரத்தில் இன்னும் முப்பது, அறுபது வருடம் கழித்து வெயில் எந்த அளவுக்குப் போகும், மழை ஒரே நாளில் எவ்வளவு கொட்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவர் வேலை. எனக்குப் புரியவில்லை என்று வெட்கமில்லாமல் கேட்டேன். அலுக்காமல் சொன்னார்.

"மேப்பைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சிடுவோம் அண்ணா. காத்து, கடல், ஈரம், மண்ணு எல்லாத்தையும் மெஷினுக்குக் கொடுத்தா ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குப் போட்டுச் சொல்லும். ஆனா வரப்போறதை நம்பணும்னா, முதல்ல அது போன காலத்தைச் சரியாச் சொல்லணுமில்லையா? அதுக்குத்தான் உங்க ஊர் நோட்டெல்லாம்."

"சரியாச் சொல்லுதா மேடம்?"

"மழை பரவாயில்ல. மொத்த மழை அப்படியே இருக்கு, பெய்யிற நாள் குறையுது, பெஞ்சா ஒரே கொட்டாக் கொட்டுது. நோட்டும் அதைத்தான் சொல்லுது. வெயில்தான் உதைக்குது. இந்த ஒரு கட்டத்துல மட்டும் மெஷின் எப்பவும் ரெண்டு டிகிரி கூடச் சொல்லுது."

"அப்ப மெஷின் கோளாறா?"

"நோட்டு, ஒரு மனுஷி கண்ணால பார்த்து எழுதினது. அதை நம்பாம வேற எதை நம்புறது? மெஷினைத்தான் குறைச்சிருக்கேன்."

அவர் அந்தப் பெட்டியை நேரில் பார்க்க வேண்டும் என்றார். வழக்கம்போல முந்தின நாளே நான் சொல்லிவிட்டேன். இந்த மேடம் வேலிக்கு வெளியே நிற்கிற ரகமில்லை. உள்ளே போய்க் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு?"

டிகிரி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ராத்திரி டேங்க் நிரம்பி வழிஞ்சிருக்கும் மேடம். எப்பவாவது ஆகும்."

அவர் தலையாட்டினார். கையைத் தட்டிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினார். அப்படி ஒரு சமயோசிதம் எனக்கு என்று அன்றைக்கெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று மாதம் கழித்துக் கோடை உச்சத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மேடத்தின் அறிக்கை வெள்ளிக்கிழமை அரசாங்கத்துக்குப் போயாக வேண்டும். கடைசி நோட்டை வாங்கிவர இரண்டு பேரும் புறப்பட்டோம். தொட்டிக்கு இரண்டு தெரு முன்னால் சிவப்புக் கொடி நட்டு ரோடு மறித்திருந்தார்கள். தார் வேலை. வண்டிக்குள் இருக்க முடியவில்லை. ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. வெளியே பீப்பாய்க்கு அடியில் நெருப்பு, மேலே வெயில், நடுவில் ஆறு ஆட்கள். ரோட்டிலிருந்து எழுந்த அனலில் எதிர்ப்பக்கத்து வீடுகள் நெளிந்தன.

தார்க்காரர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வழக்கமான கேலி இல்லை. யார் என்று தெரியாதவர் பார்க்கிற பார்வை.

"என்னய்யா, நாற்பது ஆகலையா?" என்று கத்தினேன்.

மேஸ்திரிதான் பதில் சொன்னார். "இப்பத்தான் கேட்டோம் சார். முப்பத்தொன்பது புள்ளி நாலாம். இவரு தலை சுத்துதுன்னாரு. பொண்டாட்டியே, நாப்பது ஆகல, சாக்குச் சொல்லாம வேலையைப் பாருங்கன்னு சொல்லிடுச்சு."

தார்க்காரர் பீப்பாய் இருக்கிற பக்கம் போகாமல் சுவர்ப்பக்கமாக நடந்தார். இரண்டு கால்களும் வேறு வேறு ஆளுடையவை போலப் போயின. சுவரில் கையை வைத்தார், அப்படியே மடிந்து விழுந்தார். ஓடிப்போய்த் தொட்டேன். உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. அடுப்பில் கிடந்த கல் மாதிரி சுட்டது. மேடம் குடிக்க வைத்திருந்த தண்ணீரை முழுவதும் அவர் தலையிலும் மார்பிலும் கொட்டினார். நாலு பேர் சேர்ந்து பின்சீட்டில் தூக்கிப்போட்டோம். ஆஸ்பத்திரி போகிற வரை அவர் உளறிக்கொண்டே வந்தார். "நாப்பது ஆகல... நாப்பது ஆகல..." அது ஒன்றுதான் புரிந்தது.

காய்ச்சல் நூற்றேழுக்கு மேல் இருந்தது. ஈரத்துணியைச் சுற்றி, கக்கத்தில் ஐஸ் வைத்து, இரண்டு மின்விசிறிகளைத் திருப்பிவிட்டார்கள். வராந்தாவில் மேடம் சுவரோடு நின்றிருந்தார்.

"முப்பத்தொன்பது புள்ளி நாலுன்னா சொன்னாங்க அண்ணா?"

"ஆமா மேடம்."

"நான் குறைக்கிறதுக்கு முன்னாடி, இன்னைக்குக் காலையில மெஷின் போட்ட கணக்கு நாப்பத்தொன்னைத் தாண்டியிருந்துச்சு."

மூன்றரை மணிக்கு டிகிரி வந்தாள். செய்தி அவளுக்கு ஒன்றரைக்கே போய்விட்டது. மூன்று மணி அளவைப் பார்த்து எழுதிவிட்டு வந்திருக்கிறாள். நோட்டு கையிலேயே இருந்தது. கண்ணாடி வழியாகப் புருஷனைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தலை சுத்துதுன்னாருண்ணே. வேலை செய்ய வலிக்குதான்னு கேட்டேன். அத்தனை பேரும் கேட்கிற மாதிரி கேட்டேன்."

"நீ என்னம்மா பண்ணுவ, நம்பர் காட்டினதைத்தானே சொன்ன."

"ஆமா. காட்டினதைத்தான் சொன்னேன்."

நர்ஸ் ஒருத்தி ஐஸ் வாளியோடு போனாள். மேடம் டாக்டரிடம் பேச உள்ளே போயிருந்தார். டிகிரி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை அவரு அங்க வந்துதான் சாப்பிடுவாரு. வீட்ல இருக்க முடியல, உன் கீரைகிட்டதான் குளுகுளுன்னு இருக்குன்னு சொல்லுவாரு. பாத்திக்குள்ள நின்னா ஒரு மாதிரி, வேலியைத் தாண்டினா ஒரு மாதிரி. இன்னைக்கு வேலியைத் தாண்டினப்ப மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு."

"சரி, அதுக்கென்ன?"

"பெட்டியும் பாத்திக்குள்ளதானேண்ணே நிக்குது."

மேடம் சொன்ன இரண்டு டிகிரி, கையில் ஒட்டிய ஈரமண், டேங்க் வழிந்தது என்று நான் சொன்ன பொய், எல்லாம் ஒரே நொடியில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. நான் செய்தது என்ன தெரியுமா? சுற்றுமுற்றும் பார்த்தேன். யார் காதிலும் விழவில்லையே என்று பார்த்தேன்.

"வாயை மூடு" என்றேன். "புருஷன் இந்த நிலைமையில கிடக்கிறப்ப எதையாவது உளறாத. உன் வேலை போயிடும், என் பென்ஷன் போயிடும். பத்து நாள்ல யாருக்கும் தெரியாமக் கீரையைப் பிடுங்கிடலாம். போனது போகட்டும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது. கோபம்கூட இல்லை. சரிண்ணே என்று தலையாட்டினாள். எனக்கு அப்போது அது நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயங்காலமும் மறுநாளும் அவள் ஆஸ்பத்திரிக்கும் பெட்டிக்குமாக நடந்தாள். மகளை என் வீட்டில் விட்டிருந்தாள். பதினோரு வயதுப் பெண், என் மனைவி போட்ட சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். வியாழக்கிழமை காலை தார்க்காரர் கண்ணைத் திறந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். உதடு கோணிக்கொண்டு அசைந்தது. குழறிக் குழறி ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"எவ்வளவு?"

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

தலைக்கு ஏறிய சூட்டில் மூளையின் பின்பக்கம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். நடை தள்ளாடும், பேச்சு இப்படித்தான் குழறும், கை ஒரு டம்ளரைக் குறி வைத்தால் பக்கத்தில் போகும், புதிதாகச் சொல்வது மனதில் நிற்காது. கொஞ்சம் தேறலாம், முழுக்கத் திரும்பாது. நாற்பத்துமூன்று வயது அவருக்கு. தாரை ஒரே கனத்தில் வீசிய கை.

மதியம் நான் அலுவலகத்தில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். டிகிரி வாசலில் நுழைந்தாள். கையில் ஒரு கட்டுக் கீரை. என்னைத் தாண்டி நேரே மாடிக்குப் போனாள். நான் துணியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

கம்ப்யூட்டர் அறையில் எப்போதும் ஏசி ஓடும். அவளுக்கு உடம்பு நடுங்கியது. மேடத்தின் மேஜையில், அறிக்கைத் தாள்களுக்குப் பக்கத்தில், கீரைக்கட்டை வைத்தாள். வேரில் ஈரமண் இருந்தது.

"இது பெட்டியைச் சுத்தி வெச்சதுங்க மேடம்."

"என்னது?"

"கீரைங்க. பதினாலு வருஷமா வெக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது வாளித் தண்ணி. நீங்க வந்தப்ப அரிஞ்சிட்டேன். அந்த ஈரம் நான் ஊத்தினது."

மேடம் கீரையைப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த மேப்பைப் பார்த்தார். நிறம் நிறமாகக் கட்டங்கள். எங்கள் ஊர்க் கட்டம் மட்டும் சுற்றியிருந்ததைவிட ஒரு நிறம் வெளுத்திருந்தது. அதை அவர் எத்தனை நாள் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்.

"பதினாலு வருஷமா?" என்றார். "அக்கா, இந்த நோட்டை வெச்சுத்தான் மெஷினைக் குறைச்சேன். ரெண்டு வருஷ வேலை. இதைப் பார்த்துத்தான் இன்னும் முப்பது வருஷத்துக்கு எத்தனை நாள் வேலையை நிறுத்தணும், ஆஸ்பத்திரியில எத்தனை கட்டில் போடணும்னு முடிவு பண்ணப்போறாங்க. வருஷத்துல இருபத்திரண்டு நாள்தான் நாப்பதைத் தாண்டும்னு எழுதியிருக்கேன். நாளைக்குப் போகுது இது!"

"தெரியாதுங்க மேடம். பச்சையா இருக்கணும்னு சொன்னாங்க."

"நான் வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் அப்பப்ப அரிவேன்."

அத்தனைக்குப் பிறகும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மேடம் அவளை விட்டுவிட்டு வாசலில் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"டேங்க் வழிஞ்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா மேடம்," என்றேன். "பொய். நீங்க வர்றதை முந்தின நாளே போன் பண்ணிச் சொன்னதும் நான்தான். எல்லாத் தடவையும்."

அன்றிலிருந்து அவர் பின்சீட்டில்தான் உட்காருகிறார். டிரைவர் என்று கூப்பிடுகிறார். எனக்கு வந்த மெமோவைவிட அதுதான் உறைக்கிறது.

பெரிய அதிகாரி வந்தார், கத்தினார், அந்த நோட்டையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார். மேடம்தான் மறித்தார்.

"போட்டுட்டா இந்தக் கட்டத்துக்குச் சாட்சியே இல்ல சார். அடுத்த பெட்டி அறுபது கிலோமீட்டர் தள்ளி மலை மேல இருக்கு. அதை வெச்சா இன்னும் மோசமாயிடும். இவங்க தண்ணி எத்தனை டிகிரி குறைச்சுதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும், பதினாலு வருஷத்தையும் திருத்திடலாம். அறிக்கையை நிறுத்தி வெப்போம். இந்தக் கோடை முடியுற வரைக்கும் டைம் கொடுங்க."

"எப்படித் தெரியும்?"

"இன்னொரு பெட்டி. நாப்பதடி தள்ளிக் காய்ஞ்ச தரையில வெக்கணும். ரெண்டையும் ஒரே நேரத்துல பார்க்கணும்." பிறகு டிகிரியிடம் திரும்பினார். அடுத்ததைச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது. "பழைய பெட்டியைச் சுத்தி இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும்க்கா. கீரை இருக்கணும். நீங்க எப்பவும் ஊத்துற மாதிரியே ஊத்தணும். எட்டு, நாலு, எட்டு. ஒரு வாளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

டிகிரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது இரண்டடி பின்னால் போனாள்.

"என்னால முடியாதுங்க மேடம். அந்தப் பாத்தியில இனிமே காலே வெக்க மாட்டேன். வேற யாரையாவது ஊத்தச் சொல்லுங்க. அவரை அந்தத் தண்ணிதாங்க... அந்தத் தண்ணிதான்..."

"வேற ஆள் ஊத்தினா அளவு மாறிடும், அது உங்க தப்பு ஆகாதுக்கா. வேற தப்பாயிடும்."

இரக்கமில்லாமல் சொன்னதல்ல அது. மேடம் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஆனாலும் அதைவிடக் கொடுமையான ஒரு வேலையை யாரும் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மறுவாரம் இரண்டாவது பெட்டி வந்தது. நான்தான் ஜீப்பில் கொண்டுபோய் இறக்கினேன். அன்றிலிருந்து டிகிரி காலையில் எட்டு வாளி, மதியம் நாலு, சாயங்காலம் எட்டு என்று ஊற்றினாள். நோட்டில் இரண்டு பத்தி, ஈரப்பெட்டி, காய்ந்த பெட்டி. முதல் நாள் வித்தியாசம் ஒன்று புள்ளி எட்டு. அடுத்த நாள் இரண்டு. வெயில் ஏற ஏற வித்தியாசமும் ஏறியது. கீரை தளதளவென்று வளர்ந்தது. முற்றினால் அரிந்து வேலி ஓரத்தில் போட்டாள். அதை எடுத்துப்போகச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. என் வீட்டிலும் யாரும் கீரை பேச்சை எடுக்கவில்லை.

தார் வேலைக்கு இப்போது காய்ந்த பெட்டியின் எண்தான். ஒரே மாதத்தில் பதினோரு நாள் வேலை நின்றது. நிழலில் குந்தியிருக்கிறவனுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? ஆட்கள் அவளை ரோட்டில் வழிமறித்தார்கள். "உன் பழைய நம்பரே தேவலாம்மா, அடுப்பாவது எரிஞ்சுது" என்றான் ஒருவன். அவள் நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

மேடம் பாதிக் கோடைக் கணக்கை வைத்து மெஷினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார். இருபத்திரண்டு நாள் இல்லை, அறுபத்தொன்று.

"வருஷத்துக்கா?"

"ஆமாக்கா. முப்பது வருஷம் கழிச்சு."

"அறுபத்தோரு நாளா? அப்ப யாருங்க ரோடு போடுவாங்க?" என்றாள்.

தார்க்காரரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருப்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடப்பார். நான் சாயங்காலம் போய் உட்காருவேன். மச்சான் என்று சொல்ல வாயைக் கூட்டுவார். அதற்கே அரை நிமிடம் ஆகும். டிகிரி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான் இருக்கும்போதே ஒரு தடவை காலடியில் உட்கார்ந்து, கீரையையும் தண்ணீரையும் அந்த முப்பத்தொன்பது புள்ளி நாலையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்து, "கீரை... ஏன் இப்பல்லாம் செய்யறதில்ல?" என்றார். மன்னிப்பாவது கிடைக்கும் என்று நினைத்தவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

ஒன்று மட்டும் அவருக்கு மறக்கவில்லை. மதியம் பன்னிரண்டு மணி. போனில் ஒரே ஒரு பட்டனை அமுக்கினால் அவளுக்குப் போகிற மாதிரி மகள் செய்து வைத்திருந்தாள். விரல் இரண்டு மூன்று தடவை தவறி, கடைசியில் அமுக்கிவிடும்.

கோடை முடிய நாலு நாள் இருந்தபோது நோட்டின் நகலை வாங்க நான் தனியாகப் போனேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். டிகிரி ஈரப்பெட்டியைத் திறந்து குனிந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"என்னம்மா?"

"முப்பத்தொன்பது புள்ளி நாலுண்ணே."

அதே எண். இத்தனை நாளில் ஒரு நாளும் பன்னிரண்டு மணிக்கு அந்த எண் வந்ததில்லை. அவள் எழுதினாள். கதவைச் சாத்திவிட்டு, பாத்தியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, நாற்பதடி நடந்து காய்ந்த பெட்டியைத் திறந்தாள். நானும் பின்னாலேயே போனேன். செருப்பைத் தாண்டிச் சூடு காலில் ஏறியது. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்று புள்ளி ஐந்து.

அன்றைக்கு அவர் வேலை பார்த்த வெயில் அது. யாருக்கும் தெரியாமல் இருந்த எண் அது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அழுதேன்.

போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எவ்... எவ்வளவு?"

"நாப்பத்தொன்னு புள்ளி அஞ்சுங்க."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம். எண்ணை அவர் மனதுக்குள் நாற்பதோடு வைத்துப் பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

"அப்ப... இன்னைக்கு வேலை இல்ல," என்றார். சந்தோஷமாகச் சொன்னார். "மேஸ்திரிகிட்ட... சொல்லிடு. நான் கிளம்பி... வர்றேன்."

"வாங்க," என்றாள் டிகிரி. "சாப்பாடு எடுத்து வெக்கிறேன், வாங்க."

போனை மடியில் செருகிக்கொண்டாள். மதியத்துக்கு நாலு வாளி பாக்கி இருந்தது. குழாயடிக்குப் போய் முதல் வாளியை நிரப்பினாள். நான் தூக்கப்போனேன். வேண்டாம்ண்ணே, என் கைதான் ஊத்தணும் என்று சொல்லிவிட்டு, வாளியைச் சாய்த்து, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் கீரைக்கு ஊற்றினாள்.